மாதிரி ஏழு

சேதராப்பட்டில் வேன் விட்டு இறங்கினால்
காற்றுக்கே ஒரு ருசி உண்டு.
பெயின்ட்டா பிஸ்கட்டா என்று முடிவெடுப்பதற்குள்
கம்பெனி கேட் வந்துவிடும்.

செவ்வாய்தோறும் ஆறு பேர்
வெள்ளைத் தடுப்புகளுக்குள் உட்காருவோம்.
காலையில் காபி கூடாது,
வெங்காயம், வெற்றிலை கூடாது.
ஐந்து மில்லி. நாக்கில் பத்து விநாடி.
விழுங்காதே, துப்பு.
உப்புப் பிஸ்கட்டில் ஒரு கடி, வெதுவெதுப்பாய்த் தண்ணீர்,
கால் மணி நேரம் சும்மா.
பிறகு அடுத்த கோப்பை.

சர்க்கரை என்று எழுதி நக்கினால் இனிக்காது என்பார்கள்.
எங்களுக்கு நக்கிவிட்டு எழுதுவதுதான் வேலை.
பூஜ்யம்: கசப்பே இல்லை.
ஐந்து: பிள்ளை துப்பிவிடும்.

கசப்பை யாரும் எடுப்பதில்லை.
அது உள்ளேதான் இருக்கிறது.
வாசலில் மாம்பழத்தை நிற்கவைத்துப்
பேச்சுக் கொடுக்கச் சொல்கிறோம்,
கொல்லைப்பக்கமாக மருந்து போய்விட வேண்டும்.
அடித்தொண்டையில் வால் மட்டும் மாட்டிக்கொள்ளும்.
அந்த வாலை நறுக்க
நாலு மாதம், ஆறு மாதிரிகள்.

ஏழாவதில் வால் இல்லை.
பூஜ்யம் போட்டேன்.
சிவக்கொழுந்து சார் கைகொடுத்தார்.
அன்று ரெட்டியார்பாளையத்தில் இறங்கி
விலை கேட்காமல் கொடுவா வாங்கினேன்.

பச்சைவாழிக்கு நாலு வயசு.
ஆவணியில் காய்ச்சல்.
மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்தது எங்கள் ஏழு,
டப்பாவில் மாம்பழம் சிரித்தபடி.
முதல் வேளையிலேயே கரண்டியைக் கடித்துக்கொண்டு
"இன்னும்" என்றாள்.
பெருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.
நாங்கள் மறந்த பாட்டிலை அவள் மறக்கவில்லை.
முக்காலி போட்டு ஏறி,
பிரிட்ஜ் மேலிருந்து எடுத்து,
கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து,
நான் சரியாகத் திருகாத மூடியில்
ஊற்றி ஊற்றி
பொம்மைக்கும் கொடுத்திருக்கிறாள்.
பொம்மை குடிக்காததையும் அவளே குடித்தாள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரி, ராத்திரி ஒன்பதரை.
எவ்வளவு இனிப்பு என்று கேட்டிருந்தால்
அரைப்புள்ளி பிசகாமல் சொல்லியிருப்பேன்.
பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருந்தது
என்று கேட்டார் டாக்டரம்மா.
அவள் அம்மா என்னைப் பார்த்தாள்.
நான் பாட்டிலைப் பார்த்தேன்.

கறுப்பாக, சேறு மாதிரி, கரி கலக்கிக் கொண்டுவந்தார்கள்.
அதன் வாசலில் யாரும் நிற்கவில்லை.
பல்லைக் கடித்தாள், உதைத்தாள்,
என் சட்டை முழுக்கத் துப்பினாள்.
இரண்டு நர்சுகளும் நானும் பிடித்துக்கொண்டோம்.
நாக்குக்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு
அந்த "தூ"வைப் போல் நல்ல சத்தம்
அதுவரை கேட்டதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்து மறுபடி எடுத்தார்கள்.
மறுநாள் சாயங்காலம்தான்
"பயமில்லை" என்று சொன்னார்கள்.
கரி உதட்டோடு அவள் கேட்டாள்,
"மாம்பழ மருந்து எங்கப்பா?"

செவ்வாய்க்கிழமை.
மாதிரி எட்டு, ஸ்ட்ராபெரி.
பத்து விநாடி. வால் இல்லை.
பூஜ்யம்தான் எழுதினேன்,
நாக்குக்குப் பொய் சொல்ல வராது.
அதற்குக் கீழே, தேதிக்கும் கையெழுத்துக்கும் நடுவில்,
கொஞ்சம் கசக்கட்டும் சார்
என்று நுணுக்கி எழுதினேன்.

சிவக்கொழுந்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுக்குக் கட்டம் இல்லியேப்பா."
"அப்ப மூடியையாவது மாத்துங்க."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாளை மட்டும் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.

அடுத்த தடுப்பிலிருந்து அமலோற்பவம்
தன் பிஸ்கட்டை என் பக்கம் தள்ளி,
"துப்பினியா?" என்றாள்.

தொட்டி காய்ந்து கிடந்தது.