தொண்ணூறு உவாற்று

புதுப்பெட்டி, வலு விலை, ஆனால் சூடில்லை என்றா
கொறற்றி அக்கா.
பாசையூர் ஒழுங்கையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில்.
மேசை நிறைய வெள்ளைச் சட்டைகள்,
திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.
"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் பிள்ளை,
பெட்டி பிழையெண்டு ஒரு துண்டு எழுதித் தா,
கொண்டுபோய்ச் சண்டை பிடிக்கிறன்."

எழுதமுதல் அளக்கிற ஆள் நான்.
பிரிட்ஜ், காற்றாடி, முன்னறை ரேடியோ
எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொன்னேன்.
ரேடியோ நிற்க, கடல் கேட்டது.

பெட்டி செருகிய இடத்தில் இருநூற்று ஏழு வோல்ற்.
கவ்வுமானி வயரைக் கவ்விப் பார்த்துச் சொன்னது
மூன்று தசம் ஒன்பது ஒன்று அம்பியர்.
கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்
அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தேன்:
ஐம்பத்து மூன்று ஓம், மயிரிழை குறைய.
ஆயிரம் உவாற்றுப் பெட்டிக்கு உள்ள தடை அதுவேதான்.
கடைக்காரன் நல்லவன்.

அதே இரண்டு எண்ணையும் பெருக்கினேன்.
எண்ணூற்று ஒன்பது.
வோல்ற்றில் பத்திலொன்று குறைந்ததற்கு
வலுவில் கிட்டத்தட்ட ஐந்திலொன்று போயிருக்கிறது.
"அது அநியாயமெல்லோ" என்றா.
அநியாயம்தான் அக்கா,
அழுத்தம் குறைய ஓட்டமும் கூடக் குறையும்,
ஒருத்தி வேலைக்கு வராத நாளில்
மற்றவளும் வராத சோடி மாதிரி.

முன்வீட்டு மீற்றர்ப் பலகையில் இருநூற்று முப்பது,
குறையில்லை.
அப்படியென்றால் இருபத்து மூன்று வோல்ற்
வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் எங்கேயோ
இறங்கிப் போயிருக்கிறது.
வயர் தடித்தது. பதினெட்டு யார். அதற்கு அரை ஓமும் வராது.
வகுத்தேன்: ஐந்து தசம் எட்டு எட்டு.
பெருக்கினேன்: தொண்ணூறு.

பழைய குண்டு பல்ப் ஒன்றின் அளவு.
இந்த வளவுக்குள் ஒரு பல்ப் எரிகிறது
வெளிச்சம் இல்லாமல்.

ஏணியில் ஏறும்போதே மணத்தது, மீன் மாதிரி.
சூடேறிய பிளாஸ்ரிக் சிலவேளை அப்படித்தான் மணக்கும்.
பாசையூரில் மீன் மணத்தை ஆர் சந்தேகிப்பார்?

தகரத்துக்குக் கீழே, குறுக்குமரத்தை அணைத்தபடி ஒரு மூட்டு.
உருகிய ரேப். மரத்தில் விரலளவு கரிக்குழி.
ரேப்பின் உருகாத ஓரம் பச்சை.

பச்சை ரேப் இந்தப் பக்கத்தில் நான் மட்டும்தான் சுற்றுவது.

வரிசை வருடம் அது. பெற்றோலுக்கு, காஸுக்கு, பால்மாவுக்கு.
கடையில் கனெக்ரர் இல்லை,
ஆறு மணிக்குக் கரண்ட் வந்துவிடும்.
இரண்டு முனையையும் கையால் முறுக்கிச் சுற்றிவிட்டு
"நாளைக்கு வந்து ஒழுங்காச் செய்யிறன்" என்றேன்.
நாளைக்கு.

"கண்டுபிடிச்சிட்டியே?"
கீழே ஏணியைப் பிடித்தபடி அவ.
"ஆர் செய்த வேலை?"

நாளுக்கு நாலு மணித்தியாலம் தேய்த்தால்
மூன்று நாளைக்கு ஒரு யூனிற்.
எத்தனை நாளாக என்று தெரியவில்லை,
பெருக்க மற்ற எண் கையில் இல்லை.
மரம் இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தால்
என்பதற்கு வாய்ப்பாடே இல்லை.

மெயின் சுவிச்சை நிற்பாட்டச் சொன்னேன்.
போய் நிற்பாட்டிவிட்டுத் திரும்பி வந்து
ஏணியைப் பிடித்தா.
மூட்டை வெட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு,
சுட்டது,
மேலே நின்றபடியே சொன்னேன்.

ஏணி ஒருக்கா ஆடியது.
பிறகு நின்றது.

"கட்டிப்போட்டு இறங்கு" என்றா.
"முப்பது சட்டை கிடக்கு."