நகவெட்டி

வெளிநாட்டுப் பங்கொன்றிலிருந்து பெட்டி வந்தது.
உள்ளே
இருநூற்றுப் பத்து நகவெட்டிகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் ஒட்டுத்தாள்:
"ஆண்டவர் உன்னை மறப்பதில்லை."

மறந்தது யாரென்று தெரியவில்லை.
நாங்கள் கேட்டது பால்மா.

அறைவீட்டு விறாந்தையில் பொதி கட்டினோம்:
அரிசி, பருப்பு, சீனி, தேயிலை,
சவர்க்காரம் இரண்டு,
எல்லாவற்றுக்கும் மேல் இந்த மினுங்கும் அவமானம்.
"போடுங்கோ பிள்ளை,
ஏழையளுக்கு நகம் வளராதோ?"
என்றார் பெனிற்றா சிஸ்ரர்.
கணக்குக் கொப்பியில் எழுதினேன்:
ந.வெ. ஒன்று.
பேனை தாளைக் கிழித்தது.

குருநகரில், ஐஸ் கொம்பனிக்குப் பின் ஒழுங்கையில்,
வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்
சூசைநாயகம்.
முழங்கைக்குக் கீழே வலக்கை இல்லை.
இடக்கையும் பல்லுமாய்ப் பொதியைப் பிரித்தார்.
நகவெட்டியை எடுத்தார், தாளை வாசித்தார்,
சிரித்தார்.
சிரிப்பு இருமலாகும்வரை சிரித்தார்.

"பிள்ளை, இதை எந்தக் கையாலை பிடிச்சு
எந்தக் கையை வெட்டுறது?"

"மாத்தித் தாறன்" என்றேன்.
எதை மாற்றி?

"றெஜினா இருக்கேக்கை அவதான்,
ஞாயிறுப் பூசைக்கு முன்னம்.
இப்ப கடிக்கிறன்.
மிச்சத்தை உந்தக் கொங்கிறீற்றிலை தேய்க்கிறன்."

காட்டினார். ஐந்து விரல்.
ஒன்று சிப்பியோடுபோல் உடைந்து,
ஒன்று சதையோடு கடிபட்டு.
பெருவிரல் மட்டும் பல்லுக்கு அடங்காமல்
மஞ்சளாய் வளைந்து.

கவிழ்த்திருந்த மீன்பெட்டியில் இருந்தேன்.
எதிர்ப் படலை கொஞ்சம் திறந்தது.
திறக்கட்டும்.
கணக்குக் கொப்பியை மடியில் விரித்து
அதன்மேல் அந்தக் கையை வைத்தேன்.
உப்பும் நண்டும் மணத்தது.
டிக்.
ஒரு துண்டு பறந்து பருப்புப் பைக்குள் விழுந்தது.
"பாத்து, அது என்ரை சாப்பாடு."

தலைமயிரெல்லாம் எண்ணி வைத்திருக்கிறாராம்.
நகத்தைப் பற்றி
வேதத்தில் எங்கும் படித்த ஞாபகமில்லை.
பெருவிரலுக்கு வந்தபோது
பெட்டி அனுப்பிய முகம் தெரியாத யாரையோ
மன்னித்தேன்.
பிறகு
அது என் வேலையில்லை என்று பட்டது.

முடிய, ஒவ்வொரு விரலாய்க்
கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.
ஒட்டுத்தாளைப் பல்லால் உரித்துத்
தன் போனின் முதுகில் ஒட்டிக்கொண்டு
நகவெட்டியை என்னிடம் நீட்டினார்.
"நீங்கள் வைச்சிருங்கோ.
என்னட்டை இருந்தா துருப்பிடிக்கும்.
உங்களிட்டை இருந்தா
வருவியள்."

மாதக் கணக்குப் பார்க்கையில்
பொருளாளர் அமிர்தநாதர் கேட்டார்:
"குடுத்ததெண்டு எழுதியிருக்கு,
சாமான் உங்கடை பையுக்கை கிடக்கு?"
எனக்குப் பதில் வரவில்லை.
பேனை பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன்.
சின்னவிரல் நகம்
கொஞ்சம் நீளம்.