நாக்கின் மேல் வைக்கும் பூச்சி

பெட்டி வந்ததும் திறக்கக் கூடாது.
இருபத்துநான்கு மணி நேரம்
தோஹாவின் காற்றுக்கு அது பழக வேண்டும்.
பலகையில் குடை, கண்ணாடிக் கோப்பை, மேல்நோக்கி இரண்டு அம்புகள்.
நான்கு பேர் தூக்கிக் குளிரறையில் வைத்து
விளக்கை அணைத்தோம்,
தூங்கட்டும் என்பதுபோல.

ஆகஸ்ட். வெளியே நாற்பத்தேழு டிகிரி.
சீனிச்சாமி விமானம் இறங்கிய மறுநாளே
சாரத்தில் ஏறியவன்.

மறுநாள் லின் ஷூயிங் வந்தாள்.
பெட்டியோடு கூடவே பறந்து வந்த காவல்காரி.
என் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான்
திருகுகளைக் கழற்றவிட்டாள்.

முதலில் ஒரு வட்டம், நடுவில் துளை.
வானம் என்றாள். இறந்தவர் மார்பில் வைப்பார்களாம்.
வானத்தின் வழியே
என் நீலக் கட்டைவிரல் தெரிந்தது.
பிறகு வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமாய் ஒரு குழாய்.
எதற்கு?
"மண்ணுக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.
எழுதியவர்கள் யாரும் புதைத்தவர்கள் இல்லை."
பிறகு இரண்டு பன்றிகள், கைக்கொன்று.
வெறுங்கையோடு போகக் கூடாதாம்.
கண்ணுக்கு மூடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு அடைப்பு,
சொல்லக் கூசும் இடங்களுக்கும்.
மொத்தம் ஒன்பது வாசல் என்று
அவள் விரல் விட்டு எண்ணியபோது
எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடைசியாய்ப் பஞ்சுக்குழியில் ஒரு சில்வண்டு.
பாசி நிற ஜேட் கல், ஓரங்கள் எலும்பாய் வெளுத்து.
எட்டே வெட்டுதான் இருக்கும்:
கண், கழுத்து, மடங்கிய சிறகு.
எங்கே வைப்பது?
அவள் தன் நாக்கை நீட்டிக் காட்டினாள்.
வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து
ஒரு கோடையில் ஓட்டைக் கழற்றிப்போட்டுக் கிளம்பும் பூச்சி,
அதனால்.

அறிக்கை எழுதினேன்.
நீளம் ஐந்து புள்ளி எட்டு. விரிசல் இல்லை.
இடச்சிறகில் வெண்படிவு. அடிப்பக்கம் வழுவழுப்பு.
எந்தப் பக்கம் நாக்கைத் தொட்டது?
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று நாள் முன்பு இதே கை
வேறொரு படிவம் எழுதியது.
பெயர். கடவுச்சீட்டு எண். காரணம்: இயற்கை.
தாடையைத் துணியால் இறுக்கியிருந்தார்கள், மூக்கில் பஞ்சு.
மெஸ் சமையல்காரர் துரைக்கண்ணு
ஒரு பிடி பச்சரிசி பொட்டலம் கட்டித் தந்திருந்தார்.
"வாய் இனித் திறக்காது, மருந்து ஏற்றியாயிற்று"
என்றார் பிணவறையின் சூடான்காரர், கொஞ்சம் தலைகுனிந்து.
உதட்டின் மேல் வைத்தேன்.
நாலைந்து மணிகள்
உருண்டு கழுத்தடியில் போயின.
மிச்சம் என் சட்டைப்பையில்.

அவன் வெளியேறிய சரக்குக் கதவு வழியாகத்தான்
இந்தப் பெட்டி உள்ளே வந்தது.
அவன் பெட்டியில் குடைப்படம் இருந்ததா,
நினைவில்லை. அம்பு இருந்தது.

குனிந்து கையெழுத்திட்டபோது
சாம்பல் நிற நுரைமெத்தையில் விழுந்தது ஓர் அரிசி.
லின் பதறிப்போனாள். தானியம்!
தானியம் வந்தால் வண்டு வரும்,
வண்டு வந்தால் பட்டும் காகிதமும் போகும்,
முழு அரங்கையும் மூட வேண்டியிருக்கும்.
இடுக்கியால் எடுத்து விளக்கில் பிடித்தாள்.
"என்ன இது?"

"இதுவும் நாக்குக்குத்தான்."

தெரிந்த ஆங்கிலத்தில் மீதியைச் சொன்னேன்.
வேலையில் செத்தானா என்றாள்.
படிவத்தில் அப்படி இல்லை என்றேன்.
இடுக்கியை அவள் இறக்கவேயில்லை.
கல் பூச்சிக்குப் பக்கத்தில் அரிசி
சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.
விதிப்படி அதை உறையிலிட்டு
எண் போட்டு ஒட்டியிருக்க வேண்டும்.
என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

வாய்க்கரிசி என்பது எங்களிடம் வசவும்கூட.
உயிரோடிருப்பவனைப் பார்த்துச் சொன்னால்
அரிவாள் வரும்.

தாழ்வாரத்துக்கு வந்து கையுறையைக் கழற்றி
அதை வாயில் போட்டுக்கொண்டேன்.
பல்லிடுக்கில் கடக்கென்றது.
கொஞ்சம் மாவு, கொஞ்சம் ரப்பர் வாசம்,
விழுங்க எச்சில் போதவில்லை.

அடுத்த பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
காற்றுக்குப் பழக
அதற்கு இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.