ஐந்தரைச் சுற்று

பிடோக் புளோக்கின் கீழ்த்தளத்தில்
மின்விசிறிகள் மூன்றும் உங்கள் பக்கமே திரும்பியிருக்கின்றன, மிஸ்.
ஜெபமாலைக்கு வந்தவர்களுக்குத்தான் வேர்க்கிறது.

படத்தில் யாரோ உங்களுக்குப்
பட்டுப்புடவை கட்டி உட்காரவைத்திருக்கிறார்கள்.
லூர்துமேரி சவரிமுத்து.
முழுப்பெயரை இன்றுதான் பலகையில் படித்தேன்.
எங்களுக்கு வெறும் மிஸ் லூர்து,
உடற்கல்வி, செவ்வாயும் வெள்ளியும்,
சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கேன்வாஸ்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேறொருத்தி.
கண்டுபிடித்தவள் சியூ லான்.
மாமாவோடு ஃபேரர் பார்க் திடலுக்குப் போய்வந்தவள்
திங்கள் காலை மேசைமேல் ஏறி அறிவித்தாள்:
மிஸ் லூர்து பந்து விளையாடுகிறார்,
நிஜமான பந்து, மூன்றாம் நம்பர் சட்டை.

அடுத்த வாரம் ஏழு பேர் போனோம்.
மழை பெய்து ஓய்ந்த திடல்.
சப்பாத்துக் கயிற்றில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு
இடப்பக்கம் காத்து நின்றீர்கள்.
ஓடினால் சாவி கிணுங்கும்.
அது கேட்டதும் ஒதுங்கினார்கள் எதிரணிப் பெண்கள்.
ஒதுங்காதவர்கள் விழுந்தார்கள்.
வேலிக்கு வெளியே ஒருவன் கத்தினான்,
வீட்டில் சோறு வடிக்க ஆளில்லையா என்று.
நீங்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பந்துதான் போய்
அவன் கையிலிருந்த கரும்புச்சாற்றுப் பையைப் பார்த்தது.
கால் வழுக்கிவிட்டது என்று
நடுவரிடம் சொன்னீர்கள்.

நான் உங்கள் நல்ல மாணவி இல்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர்,
திடலை ஆறு சுற்று.
மூன்றாவதில் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் பதுங்கி
ஒரு சுற்றை விழுங்கிவிட்டு
மூச்சிரைப்பதுபோல் வந்து கூட்டத்தில் சேர்ந்தேன்.
கோட்டைத் தாண்டியதும் நேரத்தை எழுதினீர்கள்.
பக்கத்தில் சின்னதாக ஓர் எண்: 5.
திட்டவில்லை, அம்மாவை வரச்சொல்லவில்லை.
தேர்ச்சி என்றும் போடவில்லை,
தோல்வி என்றும் போடவில்லை.
ஐந்து.
அவ்வளவுதானே ஓடியிருந்தேன்.

முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.
என் வேலை இப்போது கணக்குத் தணிக்கை.
ஆறு என்று எழுதினால் ஒருவருக்கும் தெரியாது
என்ற இடங்களில் பேனா நின்றிருக்கிறது.
எல்லா இடத்திலும் நின்றது என்றால்
அதுவும் பொய்.

பத்து மணிக்கு மேல் அவர்கள் வந்தார்கள்.
நான்கு பேர், அறுபதைத் தாண்டியவர்கள்,
ஒருவர் கைத்தடியோடு.
ஜமீலா என்று கூப்பிட்டார்கள் அவரை.
பெட்டியருகே குனிந்து
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
உங்களிடம் தழும்பைக் காட்டினார்.
எண்பத்திரண்டு, இறுதியாட்டம், என்றார் மலாயில்,
இன்னும் இவள் ஸாரி சொல்லவில்லை.
நால்வரும் சிரித்தார்கள்.
சிரிப்பு எங்கே முறிந்தது என்று கவனிக்கவில்லை,
கடலைத் தட்டை நகர்த்தி
யாரோ நாற்காலி போட்டார்கள்.

உங்கள் விரல்களில் ஜெபமாலை இருந்தது.
சாவி இல்லை.
தம்பியிடம் கேட்க நினைத்தேன்,
என்னவென்று கேட்பது?

கிளம்பியதும் கார்ப்பேட்டையைச் சுற்றி
நடக்க ஆரம்பித்தேன், அலுவலகச் செருப்போடு.
பிறகு கொஞ்சம் ஓடினேன்.
சத்தியமாக ஓடினேன், மிஸ்,
உள்ளே இழுக்க மறந்த துணிக்கழிகளின் கீழே.
பூனை ஒன்று சாட்சி.
பாதி வந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது,
கடைசிப் பேருந்தும் வந்துவிட்டது.
ஏறிவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள்,
ஐந்தரை.