நிகழ்ச்சியின் வகை

முதல் மண்டபம் கோண்டாவிலில்.
வாசலில் இரண்டு சீமெந்து யானைகள்,
ஒன்றுக்குத் தும்பிக்கை நுனி இல்லை.
உள்ளே எண்ணூறு கதிரைக்கும் சட்டை போட்டு
முதுகில் பொன்னிற முடிச்சு.
'எத்தினை பேர்?' என்றார் முகாமையாளர்.
'ஏழு.'
'எழுநூறோ?'
'ஏழு.'
அவர் எங்களை எண்ணிப் பார்த்தார்.
நாங்கள் நாலு பேர்தான் போயிருந்தோம்.
மற்ற மூன்று பேருக்கும் வேலை.

அடுத்தது பலாலி வீதியில்.
ஏசியைப் பத்துக்குப் போட்டு இரண்டுக்கு நிற்பாட்டுவார்களாம்.
நல்லூர் கொடி ஏறினால் மச்சம் கூடாதாம்.
கதவில் ஒரு மட்டை:
மங்கள நிகழ்ச்சிகளுக்கு மாத்திரம்.
'எங்கடை மங்களமோ?' என்று
கமலாவதி என் காதுக்குள் கேட்டாள்.
ஒருத்தரும் சாகவில்லை என்று அவரிடம் சொன்னேன்.
அது அவருக்குப் போதவில்லை.

மூன்றாவது இடத்தில் விலைக்கு முன்னம் ஒரு படிவம்.
திருமணம், பூப்புனித நீராட்டு,
பிறந்தநாள், இதர.
இதரவுக்குப் பக்கத்தில் அரை அங்குலக் கோடு.

மூன்று வருடமும் நாலு மாதமும்
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
தர்மினி வீட்டுப் பத்தியில் பாய் விரித்து இருந்தோம்.
மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வருவான்.
நல்ல பெடியன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்,
காசு நிறையும்வரை எழும்பமாட்டான்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஆறு பேரும் போடவேண்டும்.
அப்படித்தான் யூஜினியின் காப்பு போனது.
ரஞ்சிதமலரின் கோழிகள், கூட்டோடு.
ஒருநாள் திலகேஸ் கதவைப் பூட்டிக்கொண்டு
உள்ளே இருந்தாள், இல்லாதவள் மாதிரி.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
அவளை நான் பேசின பேச்சு
இன்னும் வாய்க்குள் கசக்கிறது.
இன்றைக்கு ஓட்டோவில் இடம் போதாமல்
என் மடியில் பாதி இருந்து வந்தவள் அவள்தான்.

போன செவ்வாய் கடைசித் தவணை.
பெடியன் சிரித்தபடி
அடுத்த கடனுக்கான தாளையும் நீட்டினான்.

அரை அங்குலத்தில் ஒன்றும் எழுதாமல்
படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நாலாவது, கஸ்தூரியார் வீதிப் பக்கம்
ஒரு பேக்கரிக்கு மேல்மாடி.
முப்பது பேருக்கு அளவான அறை.
சுவரில் யாருடையதோ பிறந்தநாளின்
செலோடேப் தழும்புகள்.
படியெல்லாம் பாண் வேகிற மணம்.
'எப்ப வேணும்?'
'வாற செவ்வாய். பத்து மணிக்கு.'
'செவ்வாயோ? செவ்வாயில ஒருத்தரும் எடுக்கமாட்டினம், பிள்ளை.'
'அப்ப குறைச்சுப் போடுங்கோ' என்றாள் யூஜினி.
குறைத்தார். ரோல்ஸும் தேத்தண்ணியும் சேர்த்துப் பதினாலாயிரம்.
பிறகு எங்கள் செருப்புகளைப் பார்த்தார்.
இரக்கமான மனிதர். குரலைத் தணித்து,
'ஒரேயடியா வேண்டாம்,
தவணையாவும் கட்டலாம்' என்றார்.

கமலாவதிதான் முதலில் தொடங்கினாள்.
சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை.
யூஜினி சுவரைப் பிடித்தாள்.
திலகேஸ் படியில் குந்திவிட்டாள், மூக்கும் கண்ணும் ஓட.
கீழே பாண் வாங்க வந்தவர்கள்
மேலே என்ன கலியாணமோ என்று நினைத்திருப்பார்கள்.
என்ன பிழையாகச் சொன்னோம் என்று தெரியாமல்
அந்த மனிதர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அவர் வருவதற்குள் காசை எண்ணினேன்.
கை தன் பாட்டில் ஏழு கட்டாகப் பிரித்தது.
இரண்டாயிரம், இரண்டாயிரம்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் போடப்
பேனையும் தேடினேன்.
திலகேஸ் எழும்பி வந்து
ஏழையும் ஒன்றாய்க் கூட்டித் தள்ளினாள்.
'விசரி' என்றாள் என்னை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒரே சண்டை.
எல்லோரும் ஒரே நிறத்தில் உடுப்பதா,
அவரவர் பாட்டுக்கா என்று.
கொழும்புத்துறை வரைக்கும் முடியவில்லை.