திங்கட்கிழமை, டிக்ரே

புவனோஸ் அய்ரஸில் ரயிலேறி வந்தால்
அருங்காட்சியகங்கள் எல்லாம் பூட்டு.
கம்பிக்கு அப்பால் ஒரு பீரங்கி
யாரையும் குறிவைக்காமல்.

"ஏறு" என்றான் எவரிஸ்தோ.
மளிகைப் படகு; வெங்காயச் சாக்கு எனக்கு இருக்கை.
பால் கூடிய தேநீர் நிறத்தில் பரானா.

மூன்றாவது வளைவில் நொயெமியின் வீடு,
கால்களை ஊன்றி நிற்கிறது.
எரிவாயு உருளையை இறக்க நானும் கை கொடுத்தேன்.
சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறை,
தோளுயரத்தில் இன்னொன்று.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
"இது மட்டும் நாய் நீந்திய வருஷம்," என்றாள்,
ரொட்டியைக் கடனில் எழுதச் சொல்லிவிட்டு.

எதிர்க்கரையைக் காட்டினான் எவரிஸ்தோ:
நாணல், இரண்டு கொக்கு.
"என் கல்யாணத்தப்போ அங்கே மீன் பிடிச்சோம்.
இப்போ வரி கேட்கிறாங்க."

திரும்பும் ரயிலில்தான் பார்த்தேன்,
செருப்பில் கொஞ்சம் தீவு.
எதிரிலிருந்தவர் காலை இழுத்துக்கொண்டார்.