பச்சைத் தண்ணீர்

இன்றிரவு மைனஸ் ஒன்பது என்கிறது வானொலி.
காயானியில் அக்டோபர் இப்படித்தான்,
சொல்லிக்கொண்டு வராது.

ஷெட்டில் ஒற்றை விளக்கு.
வண்டியை ஸ்டாண்டில் நிமிர்த்தி
வாட்டர் பம்பின் அடியில்
பழைய ரொட்டித் தட்டைத் தள்ளுகிறேன்.
இன்ஜின் ஆறிவிட்டதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாயிற்று.
போன வருஷம் பார்க்காததன் தழும்பு
மணிக்கட்டில் இருக்கிறது.

எட்டாம் நம்பர் போல்ட்.
முதலில் முரண்டு,
பிறகு சட்டென்று இளகல்.
மேலே ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும்
மூச்சு கிடைத்த மாதிரி ஒரே பாய்ச்சல்.

தட்டில் நிறைவது பச்சை இல்லை.
நீலம் இல்லை, ரோஜா இல்லை.
துரு ஒரு சிட்டிகை கலந்த
வெறும்
பச்சைத் தண்ணீர்.

தார்மோ, உன்னைத்தான்.
சாவியைத் திருப்பித் தந்த அன்று கேட்டேனே,
"கூலன்ட் மாத்திட்டியா?"
"ம், பச்சை ஊத்தியிருக்கேன்" என்றாய்
போனிலிருந்து தலை தூக்காமல்.
பச்சைப் பொய்.
நிறத்தை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறாய்.

பாதிப் பணம் உன்னுடையது, பாதி என்னுடையது.
ஜூன் உனக்கு, ஜூலை எனக்கு,
ஆகஸ்ட் ஆளுக்குப் பதினைந்து நாள்.
மீந்த முப்பத்தொன்றாம் தேதி யாருக்கு என்பதில்
அம்மாவின் பிறந்தநாள் விருந்தே பாழானது.
குளிர்காலம் யாருக்கு என்று
நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குளிர்ந்தால் எல்லாம் ஒடுங்கும்.
எண்ணெய் ஒடுங்கும், இரும்பு ஒடுங்கும்,
நாமே தோளைக் குறுக்கிக்கொண்டுதான் கடைக்குப் போகிறோம்.
தண்ணீர் மட்டும் உறையும்போது
இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும்.
கொடுக்காவிட்டால்
அலுமினியத்தைக் கிழித்து எடுத்துக்கொள்ளும்.
சத்தம் எனக்குக் கேட்டிருக்காது.
மே மாதம் ஆயில் கண்ணாடியில்
பால் கலந்த காபி நிறம் தெரிந்திருக்கும்,
அவ்வளவுதான்.

ரிசர்வ் டப்பாவில் இப்போதே
பாலாடை மாதிரி ஒரு படலம்.
விரலால் அழுத்தினேன், நொறுங்கியது.

அதற்குள் பக்கத்து வீட்டு ஹெல்லெவியின் நாய்
தட்டில் வாயை வைத்துவிட்டது.
கத்திக்கொண்டு கழுத்துப் பட்டையைப் பிடித்தேன்.
கூலன்ட் இனிக்கும், நாய்க்குப் பிடிக்கும்,
இரண்டு நாளில் சிறுநீரகம் போய்விடும்.
பிறகுதான் உறைத்தது:
நாக்கில் பட்டது உன் பொய்தான்.
அது மூக்கைத் துடைத்துக்கொண்டு
என் பூட்ஸை முகர்ந்தது.
உன்னைத் திட்ட வைத்திருந்ததில்
ஒரு வார்த்தை குறைந்துபோயிற்று.

வாலை வடிநீரால் இரண்டு முறை அலசி
போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டேன்.
புனலில் இறங்கியது நிஜப் பச்சை,
முளைவிட்ட கம்பங்கதிர் நிறம்.
ஹோஸைப் பிசைந்து விட்டேன்,
வண்டியை இடமும் வலமும் சாய்த்தேன்.
குழந்தைக்கு ஏப்பம் எடுப்பது போலத்தான்,
உள்ளே சிக்கிய காற்று
அவசரப்படுத்தினால் வராது.
ஸ்டார்ட் செய்து காத்திருந்தேன்.
கீழ் ஹோஸில் சூடு வந்தது,
ஒரு குமிழி, இன்னொன்று,
மட்டம் ஒரு விரல் இறங்கியது,
மீண்டும் ஊற்றினேன்.
கடைசியில் ஃபேன் சுழன்றது.
சோதனைக் குழாய் காட்டியது
மைனஸ் முப்பத்தேழு.

ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன்:
பதினான்கு யூரோ அறுபது, உன் பங்கு ஏழு முப்பது.
வேறெதுவும் எழுதவில்லை.
ஒரு நிமிஷத்தில் பணம் வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி:
"முப்பத்தொண்ணை நீயே வச்சுக்கோ."

தட்டிலிருந்த தண்ணீரில் கொஞ்சம்
ஜாம் புட்டியில் கழுத்து வரை ஊற்றி
மூடியை இறுக்கி
நாய்க்கு எட்டாத கூரை விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் புட்டி
மேலிருந்து கீழ் வரை விரிந்திருந்தது.
படம் எடுத்தேன்.
அனுப்பவில்லை.